எரியாத கை

சிதம்பரத்தில் ஒரு காதுகுத்து விழா. கணவரின் சித்தப்பா பேத்திக்கு. ஆனித் தேர் முடிந்த வாரம் என்பதால் ஊரே இன்னும் அசதியாக இருந்தது. பந்தியிலிருந்து எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கு அறிமுகமே இல்லாத ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். பட்டுப்புடவை, நெற்றியில் விபூதி. ஈரம் சொட்டிக்கொண்டிருந்த என் இடது கையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார்.

பிறகு அழ ஆரம்பித்தார்.

"கேள்விப்பட்டேம்மா... எவ்ளோ வலி பட்டிருப்ப. உசுரு பொழச்சதே பெரிசு."

அவர் கையில் ரசம் வாசனை இருந்தது. என் கையில் வலி எதுவும் இல்லை. இப்போதும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. ஆனால் ஒருவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு அழும்போது "எதற்கு அழுகிறீர்கள்?" என்று எப்படிக் கேட்பது? தலையை ஆட்டிவைத்தேன்.

வாராவாரம் வரும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அந்த இடது கையைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு கணவாய் மீன் படுத்திருக்கிறது. டாட்டூ. கறுப்பும் நீலமுமாக, தன் கைகளை எல்லாம் விரித்துக்கொண்டு. கல்யாணத்துக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த புதிதில், புதுச்சேரியில் போட்டுக்கொண்டது.

ஏன் போட்டுக்கொண்டேன்? பிடித்திருந்தது. அவ்வளவுதான் காரணம்.

எங்கள் ஊர் பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற கடற்கரை. அப்பா படகில் போகிறவர். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெல போற சரக்கத்தான் போட்டிருக்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவர் கையிலும் பச்சை உண்டு... அவர் பெயர், அவருடைய அப்பா பெயர். கடலுக்குப் போனவன் வேறு ஊரில் கரை ஒதுங்கினால் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிய வேண்டும் இல்லையா? அதை யாரும் ஃபேஷன் என்று சொன்னதில்லை.

கல்யாணம் ஆகும்வரை அந்தக் கணவாய் என் சொந்தப் பிரச்சினையாக இருந்தது. திமிர் என்றார்கள், தீர்ந்தது. மகள் மித்ரா பிறந்த பிறகுதான் அது ஊர்ப் பிரச்சினை ஆனது. தடுப்பூசி போடத் தூக்கிக்கொண்டு போனால், நர்ஸ் என் கையைப் பார்த்துவிட்டு, "குழந்தையோட அம்மா வரலையா?" என்று கேட்டார். கடலூர் செம்மண்டலத்தில் வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் கணவரைத் தனியாக அழைத்து, "உங்க மிஸஸ் என்ன வேலை பார்க்குறாங்க?" என்று இரண்டு முறை கேட்டார். இன்ஜினியர் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. ஸ்கூல் வேன் அம்மாக்களின் வாட்ஸப் குரூப்பில் ஒருவர் பொதுவாகச் சொல்வதுபோல எழுதினார்: "வளர்ற புள்ளைங்க பாக்கும்ல?"

பார்த்தால் என்ன ஆகும்? கணவாய் கடிக்குமா?

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன், பல வாரம். இந்த வாரம் அப்படி எழுத முடியவில்லை.

அழுத அம்மாவுக்கு வருகிறேன். அவர் யார் என்று கணவரின் அக்காவிடம் விசாரித்தேன். நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர். சிதம்பரத்தில் தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. ஜாக்கெட் தைக்கிறார். என் பிரசவத்துக்குத் தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு வந்து, கூடவே இருந்து, என் துணியெல்லாம் துவைத்துப் போட்டவர். அவரைப் பற்றி நீங்கள் தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

அழுதவர், அண்ணியின் மகள் கௌசிக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையின் அம்மா.

"அவுங்க ஏன் அழுதாங்க அண்ணி?"

அண்ணி என்னை மண்டபத்தின் பின்பக்கம் அழைத்துப் போனார். சமையல்காரர்கள் அண்டாவைச் சாய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"பொண்ணு பாக்க வந்தப்ப ஆல்பத்துல உன் போட்டோவப் பாத்துட்டு, கையில என்னா இதுன்னு கேட்டாங்க. எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க. டக்குனு அதுதான் வந்துச்சி. பிளாண்ட்ல ஆசிட் பட்டுடுச்சி, தழும்ப மறைக்கத்தான் குத்திக்கிச்சின்னேன். எல்லாரும் உச்சு கொட்டிட்டாங்க. அப்புறம் ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல சுதா."

கடலூர்ப் பக்கத்துக்காரர்கள் மட்டுமே சொல்லக்கூடிய பொய் இது. வேறு ஊராக இருந்தால் அண்ணி கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்திருக்கும். நாங்கள் யோசிக்க வேண்டியதில்லை. செம்மங்குப்பம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் பஸ் திரும்பும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் நாங்கள். காற்று மாறினால் பேச்சை நிறுத்தாமல் ஜன்னலைச் சாத்துகிறவர்கள். அங்கே ஒரு கெமிக்கல் பிளாண்ட்டில் நான் இன்ஸ்ட்ருமென்டேஷன், அதாவது மீட்டர்கள், அலாரங்கள் பார்க்கிறேன். என் கையில் ஆசிட் பட்டது என்றால் யாராவது சந்தேகப்படுவார்களா?

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. அப்புறம்தான் கேட்டேன்:

"எப்ப நடந்துச்சி இது?"

"சித்திரையில. மித்ரா லீவுக்கு வந்திருந்தாளே, அப்ப."

"அவ எங்க இருந்தா?"

"அங்கதான். டிவி பாத்துக்கிட்டு இருந்தா."

சிரிப்பு அத்தோடு போனது.

மித்ராவுக்கு ஏழு வயது. பள்ளி திறந்ததிலிருந்து அவளுக்கு ஏதோ சரியில்லை. முன்பெல்லாம் என் இடது பக்கம் படுத்து, அந்தக் கையைத் தலையணையாக வைத்துக்கொள்வாள். திடீரென்று வலது பக்கத்துக்கு மாறிவிட்டாள். ரோடு தாண்டும்போது இடது கையை நீட்டினால் சுற்றிக்கொண்டு வந்து வலது கையைப் பிடிப்பாள். தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பாள். காலையில் நான் கிளம்பும்போது, "இன்னிக்கி பிளாண்ட் உள்ள போவியா, ஆபீஸ்லயே இருப்பியா?" என்று கேட்பாள். தினமும்.

ஒரு அலாரம் அடித்தால் சாத்தியமான காரணங்களை எல்லாம் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அடித்துக்கொண்டே வருவது என் தொழில். மகளுக்கும் அதைத்தான் செய்தேன். புது டீச்சரா? இல்லை. வேனில் யாராவது தொந்தரவா? இல்லை. பூச்சி, ரத்தச்சோகை, கண் பார்வை... இல்லை, இல்லை, இல்லை. என் வரிசையில் நான் மட்டும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மித்ரா ஜன்னலோரம் கேட்டு, என் வலது பக்கம் உட்கார்ந்தாள். சொன்னேன். அம்மா கையில் எதுவும் பட்டதில்லை, அத்தை ஏதோ தெரியாமல் சொல்லிவிட்டார், வேண்டுமானால் தொட்டுப் பார் என்று கையை நீட்டினேன். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப எதுக்குப் போட்ட?"

"புடிச்சிருந்துச்சு. போட்டுக்கிட்டேன்."

வயல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் பயப்படுவேன்னு இப்புடிச் சொல்ற. அத்த பொய் சொல்லாது."

அவள் கணக்கு சரியாக இருக்கிறது. அம்மாக்கள் பிள்ளைகளைத் தேற்றப் பொய் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தவர்களிடம் அத்தை ஏன் பொய் சொல்ல வேண்டும்? அதைவிட முக்கியம், ஒருத்தி சும்மா பிடித்திருக்கிறது என்பதற்காகத் தன் உடம்பில் மீன் வரைந்துகொள்வாள் என்பதை அவள் இதுவரை சந்தித்த யாரும் ஒப்புக்கொண்டதில்லை. நர்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. ஏழு வயதுக் குழந்தை மட்டும் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

பொய்யைச் சொன்னவர் வாயாலேயே அது போக வேண்டும். அண்ணிக்கு போன் செய்தேன். அவர் மறுக்கவில்லை, தவணை கேட்டார். நிச்சயதார்த்தம் முடியட்டும், குழந்தையிடம் சொன்னால் அது ஊருக்கே சொன்ன மாதிரி, அந்த வீட்டில் ரொம்பக் கட்டுப்பெட்டி, கௌசிக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது. கணவரும் ரெண்டு வாரம்தானே என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அந்த இரண்டு வாரத்துக்குள் எங்கள் பிளாண்ட்டில் மாக் டிரில் வந்தது.

தெரியாதவர்களுக்கு: விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான ஒத்திகை. சைரன் அடிக்கும். நன்றாக இருக்கிற ஒருவரை அடிபட்டவராகப் படுக்கவைத்து ஸ்ட்ரெச்சரில் ஓட்டமாகத் தூக்கிப் போவார்கள். எல்லோரும் ஓரிடத்தில் கூடுவோம், தலை எண்ணுவார்கள், டீ கொடுப்பார்கள். உள்ளே போனை எடுத்துப் போகக் கூடாது. லாக்கரில் இருக்கும்.

வெளியே நின்ற யாரோ காம்பவுண்டுக்கு மேலாக அதை வீடியோ எடுத்திருக்கிறார்கள். 'எஸ்டேட்டில் பயங்கர விபத்து' என்று மதியமே கடலூர் முழுக்கப் போய்விட்டது. மித்ரா பள்ளி விட்டு வந்து, நான் வரும்வரை கீழ்வீட்டு ரோஸி அக்காவிடம் இருப்பாள். ரோஸி அக்கா வீடியோவை அவளிடம் காட்டவில்லை. ஆனால் சத்தத்தைக் குறைக்கவும் இல்லை. சைரனைக் கேட்டுக் குழந்தை எட்டிப் பார்த்துவிட்டது. என் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். லாக்கர் கேட்டுக்கொண்டிருந்திருக்கும்.

சைலன்ட்டில் கிடந்த போனை எடுத்துப் பார்க்காமலேயே கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தேன். தூறல். வீட்டு கேட்டுக்கு வெளியே யூனிபாரத்தோடு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை, உள்ளே வரவில்லை, அழவும் இல்லை என்று ரோஸி அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். வரவில்லை. எழுந்து நின்றாள்.

"வலது கையக் காட்டு."

காட்டினேன். சட்டையின் கையை மேலே தள்ளிப் பார்த்தாள். புறங்கை, உள்ளங்கை, கழுத்து. குனியச் சொல்லி முதுகு. ஷூவைக் கழற்றச் சொன்னாள். தெருவில் நின்றபடி ஒவ்வொரு காலாகக் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்து முடித்தபிறகுதான் மூச்சு விட்டாள். இடது கையை மட்டும் பார்க்கவில்லை. அது ஏற்கெனவே போன கை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவளை அழைத்துக்கொண்டு சிதம்பரம் போனேன். சொல்லாமல்தான் போனேன். தவணை போதும் என்று அண்ணியிடம் நேரில் சொல்ல வேண்டும். ஆனால் உள்ளே நுழைந்தால் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருக்கிறார். நிச்சயதார்த்த ஜாக்கெட்டுக்குத் துணி கொண்டுவந்திருந்தார், சம்பந்தி கையாலேயே தைக்கட்டும் என்று. அண்ணி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு துணியை விரித்திருந்தார். கௌசி காபி கொண்டுவந்தாள்.

அந்த அம்மா எழுந்து வந்து மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டார். தடவிக்கொடுத்தார். அண்ணியின் கண்கள் என்னைக் கெஞ்சின. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் அந்த அம்மா மித்ராவின் கன்னத்தைத் தொட்டுக் கூப்பிட்டார்.

"செல்லம், அம்மா வேலைக்குப் போறப்ப எல்லாம் சாமி கும்புடணும், என்ன? ஒருதடவ பட்டது மறுபடி படாதுன்னு யாரு கண்டா?"

பிரியமாகத்தான் சொன்னார். மித்ரா தலையாட்டினாள். விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தாள்.

"கும்புடறேன் பாட்டி. எழுந்த ஒடனே ஒருதடவ. அம்மா ஷூ போடறப்ப. வேன் ஏறும்போது. ப்ரேயர்ல. லஞ்ச்ல டப்பா தெறக்கறதுக்கு முன்னாடி. அப்புறம் நாலு மணிக்கு, அம்மா வெளிய வர்ற நேரம். தூங்கறப்ப... தூக்கம் வந்துட்டா மறந்துடுவேன்னு உக்காந்துக்குவேன்."

ஒப்பிக்கிற குரல். வீட்டுப்பாடம் சொல்வதுபோல. என்னைப்போலவே வரிசையாக.

துணியை நீவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அண்ணி குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். டேப்பைக் கழற்றிக் கீழே வைத்தார். தரையில் உட்கார்ந்து அவளை மடியில் இழுத்துக்கொண்டார்.

"மித்ரா, இங்க பாரு. அம்மா கையில ஒண்ணும் ஆகல. ஆசிட்டும் படல, எதுவும் படல. அத்ததான் பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

அண்ணி நிமிர்ந்து சம்பந்தியைப் பார்த்தார். உடனே சொல்லிவிட்டார்.

"இவுங்க தப்பா நெனச்சிக்குவாங்கன்னு."

மித்ரா என்னைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள்.

"அப்ப அம்மா சும்மாவா போட்டுக்கிச்சி?"

"ஆமாண்டி. சும்மாதான்."

"நல்லவேள, ஒண்ணும் ஆகலையே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அவர் கை எப்போது என் கையை விட்டது என்று எனக்குத் தெரியவில்லை. காபியை முழுவதும் குடித்தார். மரியாதையில் குறை வைக்கவில்லை. விரித்திருந்த துணியை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அளவு இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வாசல்வரை போய் வழியனுப்பினேன். எரிந்த கைக்காக அழுதவர், எரியாத கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பிளாண்ட்டில் உண்மையிலேயே தழும்பு உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு அப்படி ஒன்று நடந்திருந்தால் இந்த ஊர் என்னை மன்னித்திருக்கும். தலையில் தூக்கி வைத்திருக்கும். ஒரு பெண்ணின் உடம்பில் ஒரு கோடு இருக்க வேண்டுமென்றால் அதற்கு அடியில் ஒரு கஷ்டம் இருக்க வேண்டும். கஷ்டத்தைக் காட்டு, அனுமதி தருகிறோம். பிடித்திருக்கிறது என்பதெல்லாம் ஒரு காரணமா?

நிச்சயதார்த்தம் தள்ளிப்போயிருக்கிறது. ஆடி முடியட்டும், ஆவணியில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். ஆடி வருவது அவர்களுக்கு முதலிலேயே தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். அண்ணி கேட்கவில்லை. கௌசி எனக்கு போன் செய்வதை நிறுத்திவிட்டாள். இதை எழுதட்டுமா என்று அண்ணியிடம் கேட்டேன். "எழுதிக்க. மறைக்க இன்னும் என்னா இருக்கு?" என்றார். அப்புறம் அவராகவே, "கொழந்த வெரல மடக்குறா சுதா. நான் என்னா பண்றது?" என்றார்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் மித்ரா என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். பி.முட்லூர் தாண்டியது. பிறகு ஒற்றை விரலால் கணவாயைத் தொட்டாள். அழுத்திப் பார்த்தாள். நகத்தால் லேசாகக் கீறி, "வலிக்குதா?" என்றாள். இல்லை என்றேன். ஆலப்பாக்கம் வருவதற்குள் அந்தக் கையிலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். கை மரத்துப்போனது. எடுக்கவில்லை.

அதோடு இந்தப் பத்தியை முடித்திருப்பேன். ஆனால் போன சனிக்கிழமை பள்ளியில் ரிப்போர்ட் கார்டு வாங்கப் போக வேண்டியிருந்தது. கிளம்பும்போது மித்ரா அலமாரியைத் திறந்து என் முழுக்கை சுடிதாரை எடுத்துக் கொடுத்தாள்.

"இத போட்டுக்கிறியாம்மா?"

"ஏன்?"

"ஃப்ரெண்ட்ஸ்கிட்டல்லாம் ஆசிட்டுன்னு சொல்லியிருந்தேன். பாவம்னாங்க. இப்ப கேட்டா என்னான்னு சொல்றது? சும்மான்னா... சிரிப்பாங்கம்மா."

அவளிடம் என்ன பதில் சொல்வது? இருபது வரியில் பதில் எனக்குத் தெரியும். இந்தப் பத்தியிலேயே பலமுறை எழுதியிருக்கிறேன். அவளோ அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போட்டுக்கொண்டு போனேன். அந்த வெயிலில் கை முழுக்க வேர்த்து ஊறியது. என் பிள்ளை என்னை நினைத்து வெட்கப்படுகிறாள். ஊர் ஜெயித்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வெட்கப்படுகிற பிள்ளை நன்றாகத் தூங்குகிறாள்.